சூசைமேரி அறுத்த பின்பலகை

மகள் பிரவீனாவின் கல்யாணத்தை அறிவிக்கும் மூன்று ஓலைகளில் முதலாவதைச் சாமியார் பூசை முடிவில் வாசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை தீவின் பர்மாநாலா கரையில் சூசைமேரியின் படகில் மோட்டார் இல்லை.

திருடன் எடுத்திருந்தால் அவள் ஒப்பாரி வைத்திருப்பாள். எடுத்தது யாரென்று கரைக்கே தெரியும். இறந்துபோன அவள் கணவன் அந்தோணியின் அண்ணன் வியாகுலம், ஷாதிபூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, எல்லாரும் பார்க்க இரண்டு திருகுகளையும் தளர்த்தி, மோட்டாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போயிருந்தார். "பொண்ணைக் கட்டிக் குடுக்க பெரியப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கடலுக்குப் போக மட்டும் பெரியப்பன் மோட்டாரு வேணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மோட்டார் அவருடையதுதான். அதில் பொய் இல்லை. அந்தோணி மஞ்சள் காமாலையில் கிடந்தபோது பழைய மோட்டாரை விற்று வைத்தியம் பார்த்தார்கள். அவன் போன பிறகு மிஞ்சியது படகும் வலையும். ஜங்க்லிகாட்டில் ஐஸ் வியாபாரம் செய்துகொண்டிருந்த வியாகுலம் புது மோட்டார் ஒன்றை வாங்கிவந்து தம்பியின் படகில் மாட்டினார். அந்தக் கரையின் வழக்கப்படி, கிடைக்கிற மீனில் படகுக்கு ஒரு பங்கு, மோட்டாருக்கு ஒரு பங்கு, போகிற ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மோட்டார் பங்கு வாங்க ஒருவர் கால் நனைக்கத் தேவையில்லை. வியாகுலமும் நனைத்ததில்லை. மாலையில் வந்து, மீனைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு போவார். அவள் குடியிருந்த கராச்சர்மாவில் குழாயில் தண்ணீர் வருவதே ஒன்றுவிட்டு ஒரு நாள்தான். வந்தால் முதல் கேன் தண்ணீர் கரைக்குப் போகும், அந்த மோட்டாரின் உப்பைக் கழுவ. பிள்ளைகள் அப்புறம்தான் குளிப்பார்கள். இதையெல்லாம் அவள் உதவி என்றே நினைத்துவந்தாள். உதவிக்கும் பிடிக்கும் உள்ள வித்தியாசம் கை இறுகும்போதுதான் தெரிகிறது.

மூன்று ஓலையும் வாசித்து, கல்யாணமும் முடியும்வரை படகு மணலில் கிடந்தது. கல்யாணப் பந்தியில் போட்ட வஞ்சிரத்தை அவள் சந்தையில் விலைக்கு வாங்கினாள். பக்கத்து இலையில் யாரோ, "மீங்காரி வீட்டுக் கல்யாணத்துல கடைமீனு" என்று மெதுவாகச் சிரித்தது பரிமாறிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது. அவள் அந்த இலைக்கு இன்னும் ஒரு துண்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

கல்யாணம் முடிந்த வாரம் வியாகுலமே மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். "கோபம் வேற, குடும்பம் வேற" என்றார். அவள், "ஆமா அத்தான்" என்றாள். அன்றைக்கு அவருக்கு டீயும் போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

அதன் பிறகு சூசைமேரிக்கு வேறு படிப்பு இல்லை. மோட்டார்தான். ஜங்க்லிகாட் சந்தையில் மீன் விற்றுக்கொண்டே கற்றாள். ஆண்களிடம் கேட்பது வீண் என்று முதலிலேயே புரிந்துவிட்டது. எவனும் தன் மோட்டாரைக் குறை சொல்லமாட்டான். சொன்னால் அதைத் தேர்ந்தெடுத்த தன்னையே குறை சொன்னதாகிவிடும். அதனால் அவள் பெண்டாட்டிமார்களிடம் கேட்டாள். விலை கேட்காமல், வேகம் கேட்காமல், ஒரே ஒரு கேள்வி: "உங்க ஆளு துடுப்பு போட்டுக் கரைக்கு வந்திருக்காரா?"

"சாம்பல் மூடி மோட்டாரா? ஐயோ, அத வாங்குனதுலேர்ந்து எம் புருஷனுக்குத் தோளு ரெண்டும் பயில்வான் மாதிரி ஆயிட்டுது" என்றாள் பேச்சியம்மா. "அப்படித் துடுப்பு போடுதாரு. எனக்கென்ன, பாக்க நல்லாத்தான் இருக்கு."

சிரித்துக்கொண்டே சூசைமேரி சாம்பல் மூடியை மனதில் அடித்துவிட்டாள். காத்திருந்த பெண்களின் கணக்கில் நீல மூடி போட்ட சின்ன மோட்டார் ஒன்று மட்டும் அடிபடாமல் நின்றது.

அதை ஐயாவுவிடம் சொன்னாள். சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மோட்டார் பழுது பார்க்கிறவர். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, "தங்கச்சி, எது நல்ல மோட்டாருன்னு கேட்டா எல்லாம் நல்ல மோட்டாருதான், கடையில இருக்குற வரைக்கும்" என்றார். "எதோட சாமானுக்கு நாம கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்னு கேளு. சத்தம் போடாத புது மாடல் வந்திருக்கு, அழகா இருக்கு. அதுல ஒண்ணு போனா மெயின்லேண்ட்லேர்ந்து வரணும். மழைக்காலத்துல கப்பல் எப்ப வரும்னு கப்பலுக்கே தெரியாது. நீ சொல்லுத நீல மூடி சத்தம் போடும், புகை விடும், பெட்ரோல் குடிக்கும். ஆனா அத நடுக்கடல்ல ஒரு ஸ்பேனர வச்சு உன் மவன் பிரிச்சு மாட்டுவான். பிளக்கு என் டப்பாவுலயே கிடக்கும்."

"அதான் வேணும்."

"அப்ப நீளத் தண்டு, லாங் ஷாப்ட் எடு. உங்க படகு பின்பலகைக்கு அதான் பக்கா."

அவள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மோட்டார் தொங்குகிற பலகை படகின் முதுகில் இருக்கிறது. அந்தோணி கட்டிய படகில் அது தாழ்வானது. குட்டைத் தண்டு மோட்டாருக்கு அளவெடுத்தது. வியாகுலம் வாங்கிவந்தது நீளத் தண்டு. அவர் படாக் என்னும் உறுதியான சிவப்பு மரத்தில் ஒரு பலகையை, ஏழு விரல் உயரம், அந்தோணியின் பலகைமேல் போல்ட் வைத்து முடுக்கி உயர்த்தினார். "அலை பின்னால ஏறாது பாரு" என்றார். அதுவும் பொய் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் படகில் அவருடைய மோட்டார்தான் சரியாக உட்காரும். வேறு யாராவது குட்டை மோட்டாரை இரவல் கொடுத்தாலும் விசிறி தண்ணீருக்கு எட்டாமல் காற்றை அறுக்கும். சிவந்த அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தன் வீட்டு வாசலில் வேறொருவர் படுத்துக் கிடப்பதைப்போல அவளுக்கு இருந்தது.

ஒரு வருடம் பொறுத்தாள். காதிலும் கழுத்திலும் கிடந்தது போயிற்று. மகளிர் குழுவில் கடன் எழுதினாள். பிறகு மகன் டேவிட்டைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். படகை ஓட்டுகிறவன் அவன்தான். அப்பனைப்போல அதிகம் பேசாதவன்.

கடைக்காரி ஷோபனா இரண்டு நீல மூடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. தண்டு நீளம்தான் ஃபரக். பின்பலகை எவ்வளவு உயரம்?"

டேவிட் கையால் காட்டினான்.

"அப்ப லாங். இதுல என்ன யோசனை?"

"குட்டை குடு" என்றாள் சூசைமேரி.

டேவிட் திரும்பிப் பார்த்தான். "எம்மா, நம்ம பலகைக்கு அது எட்டாது."

"பலகைய எறக்கிருவோம்."

"எதுக்கு? லாங் எடுத்தா இப்பவே மாட்டலாம். பின்னால அலை வந்தாலும் தாங்கும்."

"நீர் வத்தும்போது பாறையில இடிக்கும். குட்டைன்னா இடிக்காது. கனமும் கம்மி. நீ ஒத்தக் கையில தூக்கலாம்."

மூன்றும் உண்மையான காரணங்கள். மூன்றும் அவளுடைய காரணம் அல்ல. முடிவு எடுத்த பிறகு காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கும். அவற்றுக்கு என்றும் பஞ்சமில்லை. அவள் மனதில் இருந்தது இவ்வளவுதான்: நீளத் தண்டு வாங்கினால் பலகை அப்படியே நிற்கும். பலகை நின்றால் அவருக்கு ஓர் இடம் நிற்கும். என்றைக்காவது தன் மோட்டார் இருமினால், மறுநாளே அவர் ஆட்டோவில் வந்து இறங்குவார். டீ கேட்பார்.

"ஸோச் லோ அக்கா, நல்லா யோசிச்சுக்கங்க, மாத்தித் தர மாட்டோம்" என்றாள் ஷோபனா.

"நானும் மாத்த மாட்டேன்."

மோட்டார் வந்த விஷயத்தை அவள் மறைக்கவில்லை. வியாகுலத்துக்குத் தானே போன் பண்ணி, "அத்தான், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கரைக்கு வாங்க. உங்க மோட்டார எடுத்துக்கிடணும்" என்றாள். கழற்றி வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். அவள் அதைச் செய்யாததற்குக் காரணம், அவர் கையாலேயே அவர் கழற்ற வேண்டும், நாலு பேர் பார்க்க, என்பதுதான்.

வெள்ளைச் சட்டையில் வந்தார். நீல மூடியைச் சுற்றிப் பார்த்தார். "குட்டையா? ஏட்டி மேரி, உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? இது இந்தப் படகுக்கு ஆவாதே."

"ஐயாவு அண்ணன் பலகைய எறக்கித் தருவாங்க."

வியாகுலம் தன் மோட்டாரைக் கழற்றி மணலில் வைத்தார். ஐயாவு போல்ட்டுகளைக் கழற்றினார். துருவேறிய ஒன்று மட்டும் அழுதுகொண்டே வந்தது. படாக் பலகை தனியாக வந்ததும் சூசைமேரி அதை இரண்டு கையிலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"இது உங்களுது அத்தான். கொண்டு போங்க."

கரையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வாங்கிக்கொண்டார். அப்போது சும்மா போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சபை சிரிக்கும்போது சும்மா போவதற்கு அவருக்குப் பழக்கமில்லை.

"பலகைதானே? நாலு போல்ட்டு. இந்தக் குட்டிப் பொம்மை கடல்ல படுத்துக்கிட்ட அன்னைக்கு, நீயே வந்து அத்தான்னு நிப்ப. அரை மணி நேரத்துல திருப்பி மாட்டிருவேன். கோயி பாத் நஹி, பரவாயில்ல."

அவர் சிரித்தார். கூட்டமும், யாருக்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், சிரித்தது.

சூசைமேரி ஐயாவுவின் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். அந்தோணியின் பழைய பலகையில், மேல்விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே வைத்து, இழுத்தாள்.

"தங்கச்சி, அது போதும், அளவு சரியா இருக்கு!" என்று ஐயாவு கத்தினார். டேவிட் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். மரத்தூள் சேலையில் கொட்டியது. பாதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. கணவன் இழைத்த மரம் என்பது ஞாபகம் வராமல் இல்லை. அந்த ஞாபகத்தையும் சேர்த்தே அறுத்தாள். நாலு விரல் துண்டு மணலில் விழுந்தபோது போல்ட் துளை இருந்த இடத்திலேயே மூன்றாகப் பிளந்தது, பழைய மரம்.

"இனி உங்க பலகைய வச்சாலும் உங்க மோட்டாரு உக்காராது அத்தான்" என்றாள். "ரொம்ப ஆழத்துல தொங்கும். பாறையில இடிக்கும்."

வியாகுலம் மோட்டாரையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் அவள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். வெகு நாளாக அவளுக்கு அப்படிப் பசித்ததில்லை. டேவிட் மட்டும் தட்டைப் பார்த்தபடி, "நாலு விரலு கூடிப் போச்சும்மா" என்றான். "மோட்டார் ரொம்பத் தணிஞ்சு நிக்கி."

"நல்லா ஓடுதுல்ல?"

"ஓடும். கடல் சும்மா இருக்குற வரைக்கும்."

கடல் சில வாரம் சும்மா இருந்தது. நீல மூடி ஒரு இழுப்பில் கிளம்பியது. பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்ந்த நீர் மெல்லிய தாரையாகச் சிந்திக்கொண்டே வரும். அது நின்றால் மோட்டார் சூடாகிறது என்று அர்த்தம். அது நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் முதல் கேன் இப்போதும் கரைக்குத்தான் போயிற்று. ஆனால் இப்போது அதைச் சுமக்கும்போது அவளுக்குக் கனக்கவில்லை. மாலையில் பங்கு பிரிக்கும்போது, "படகுக்கு ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணு" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லி இரண்டையும் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். வியாகுலத்தின் மோட்டாரை எந்தப் படகும் கேட்கவில்லை என்றும், அது சாக்கு போர்த்தி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றும் பேச்சியம்மா வந்து சொன்னாள். சூசைமேரி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் தென்மேற்குக் காற்று சொல்லாமல் எழுந்தது. டேவிட்டும் கூட்டாளி முத்துராஜும் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அலை பின்னாலிருந்து வந்தது. உயரமான பலகையாக இருந்திருந்தால் முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கும். நாலு விரல் வெட்டில் அது வாசல் திறந்த வீட்டுக்குள் வருவதுபோல் வந்தது. மோட்டார் நனைந்து அணைந்தது. படகில் முழங்கால் அளவு தண்ணீர்.

மற்றதை முத்துராஜே கரையில் சொன்னான். ஈரமாக, நடுங்கிக்கொண்டு, ஆனாலும் சும்மா இருக்க முடியாமல்.

"அக்கா, ஒங்க வீட்டுச் சண்டைக்கு என் முதுக பின்பலகையா வச்சிட்டீங்களே! அந்த வெட்டுக்குள்ள நான் முதுக அடைச்சு உக்காந்திருக்கேன். அலை ஒவ்வொண்ணும் வந்து படார் படார்னு அறையுது. இவன் பெட்ரோல் கேன வெட்டித் தண்ணி எறைக்கான். எறைச்சிட்டு, என் தோளுக்கு மேல கைய விட்டு பிளக்கக் கழட்டுதான், தொடைக்கான், மாட்டுதான். நான் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுதேன், இவன் ஸ்பேனர எங்கன்னு என்கிட்ட கேக்கான்! ரெண்டாவது இழுப்புல எந்திரிச்சிட்டு அக்கா. மோட்டாரு நல்ல மோட்டாருதான். அத ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகு முழுக்கப் பலகையின் வெட்டுவிளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது.

டேவிட் மோட்டாரைக் கழற்றி, கேன் தண்ணீரில் நனைத்து, துடைத்தான். போகும்போது, "அந்த நாலு விரல் வராம நான் கடல்ல எறங்க மாட்டேம்மா" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அது அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

அவள் அன்று மோட்டாரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். பலகையைத்தான் தன் வன்மத்தின் அளவுக்கு வெட்டியிருந்தாள். வன்மத்துக்கு அளவுகோல் உண்டா என்று யாராவது கேட்டால், முத்துராஜின் முதுகைக் காட்டலாம்.

ஆனால் அதற்காக அவள் மனம் இளகியது என்று சொன்னால் பொய். படாக் மரம் நினைத்தவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. சௌல்தாரியில் தெரிந்த தச்சரிடம் சொல்லிவைத்தாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை படகு மணலில் கிடக்கும். மறுபடியும். போன தடவை அவர் கிடத்தினார், இந்தத் தடவை நானே கிடத்தினேன் என்று நினைத்தபோது, அவளுக்கு வியாகுலத்தின்மீதே இன்னும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் அவர் வந்தார். ஆட்டோவில் இல்லை, ஸ்கூட்டியில். கால் வைக்கிற இடத்தில் அந்தப் படாக் பலகை குறுக்காகத் துருத்திக்கொண்டிருந்தது. பூசைக்கான வெள்ளைச் சட்டையும் இல்லை. ஐஸ் கடையின் ஈரமான கைலி.

"கேள்விப்பட்டேன்" என்றார். பலகையை இறக்கி மணலில் நிறுத்தினார். "இந்தா. பய கடலுக்குப் போறவன். வச்சு மாட்டு."

அதற்குள் கரையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஐயாவு, "பெரிய மனசு" என்று முணுமுணுத்தார். டேவிட் பெரியப்பாவின் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

சூசைமேரி பலகையைப் பார்த்தாள். ஏழு விரல். நாலு விரல் படகுக்கு வேண்டும். மீதி மூன்று விரல்? முழுப் பலகையும் ஏறினால் தன் குட்டை மோட்டாருக்கு மூன்று விரல் எட்டாமல் போகும். அப்புறம் ஐயாவு சொல்வார், இதுக்கு நீளத் தண்டுதான் பரவாயில்லை என்று. நீளத் தண்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது. வியாகுலம் இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாரா, அல்லது அலை ஏறிய செய்தி கேட்டுத் தம்பி மகனுக்காக மட்டும் வந்தாரா? அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. பார்த்து, இரண்டாவதுதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்துச் செய்ய வேண்டியதைக் கை செய்யாது.

"ஐயாவு அண்ணே, ரம்பம் இருக்கா?"

பலகையைக் கவிழ்த்த மீன்கூடையின்மேல் படுக்கவைத்தாள். விரலால் நாலு அளந்து, நகத்தால் கீறினாள். இந்தத் தடவை அவசரமில்லை. டேவிட் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். படாக் கடினமான மரம், நேரம் பிடித்தது. வியாகுலம் ஒருமுறை, "ஏட்டி, முழுசாவே வச்சுக்கிடலாம்ல, நான் திருப்பிக் கேக்கலயே" என்றார். அவள் காதில் விழாததுபோல் அறுத்தாள்.

நாலு விரல் துண்டை மகனிடம் கொடுத்தாள். மீதி மூன்று விரல் துண்டின் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு இவ்வளவு போதும் அத்தான். உங்க தம்பி வச்சிருந்த உயரம். ரொம்ப தேங்க்ஸ்."

மூன்று விரல் அகலப் பலகை ஒன்றுக்கும் உதவாது. எந்தப் பின்பலகையையும் அது உயர்த்தாது. அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டியில் வைத்தார். அது நழுவியது. மறுபடி வைத்தார். டேவிட் போய் வலைக்கயிற்றால் அதைக் கட்டிவிட்டான்.

சூசைமேரி நீல மூடியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இறுக்கிக் கட்டுல" என்றாள் மகனிடம். "பெரியப்பா வழியில போட்டுட்டா திரும்ப இங்க வரணும்ல."